முக்காலியா, நாற்காலியா?

இன்னைக்கு ராத்திரி, ராக்கெட் கட்டிப் பறக்கவிடுற கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் கம்ப்யூட்டர் கேம்ல, கப்பலோட இறங்கும் கால்கள் பத்தின கேள்வி பதில் மட்டும்தான். ஊர்ப் பேரோட வர்றது உங்க கேள்வி, அடுத்து வர்றது என் பதில். எரிபொருள் கணக்கு, ராக்கெட் மேல போகாத கதை எல்லாம் அடுத்த வாரம். பினாங்குல நாளைக்குக் காலை ஷிப்ட் இருக்கு எனக்கு.

செந்தூல்: அண்ணே, கேம்ல இருக்கிற 'மன்' நிலாவுல தொட்டதும் கப்பல் சாயுது. ஆறு கால் போட்டும் விழுது.

நீங்க அனுப்பின படம் பார்த்தேன் தம்பி. மூணு டேங்க் ஒண்ணு மேல ஒண்ணு, அடியில ஆறு காலும் ஒடுங்கி நிக்குது. கோயில் கொடிமரத்துக்குக் கொலுசு போட்ட மாதிரி. ரெண்டு டேங்கைக் கழட்டிட்டு, சுத்தி நாலு சின்ன டேங்க் ஒட்டி, அதோட வெளிப்பக்கம் காலை மாட்டுங்க. எடை கீழ இறங்கும், காலும் அகலும். 2024 பிப்ரவரியில நிஜ நிலாவுல இறங்கின ஒடிசியஸ் விண்கலத்துக்கும் ஆறு கால்தான். பக்கவாட்டு வேகத்தோட தொட்டுச்சு, கால் முறிஞ்சு சாஞ்சுது. பக்கவாட்டு வேகத்தைப் பாருங்க.

பட்டர்வொர்த்: கால் விரியவே மாட்டேங்குது.

கீபோர்டுல ஜி பட்டன்.

பிரிக்பீல்ட்ஸ்: மூணு கால் போதுமே, எடை மிச்சம். முக்காலி ஆடாதுன்னு எங்க பாட்டி சொல்வாங்க.

பாட்டி சொன்னது சரி. மேடு பள்ளத்துல மூணு காலும் பதியும். ஆனா ஆடாதது வேற, கவிழாதது வேற. கப்பல் கவிழ்றது ரெண்டு பாதத்தை இணைக்கிற கோட்டுக்கு மேலதான். ஒவ்வொரு காலும் மையத்திலேர்ந்து 2 மீட்டர்னு வைங்க. மூணு கால்ல அந்தக் கோடு 1 மீட்டர் தள்ளி. நாலுல 1.4, ஆறுல 1.7. மூணுலேர்ந்து நாலுக்குப் போனாதான் பெரிய லாபம்.

பிரிக்பீல்ட்ஸ்: நிலாவுல இறங்கின சர்வேயர், செவ்வாய்ல இறங்கின வைக்கிங், ரெண்டு விண்கலத்துக்கும் மூணு கால்தானே?

வாங்க, இதுக்குத்தான் காத்திருந்தேன். வைக்கிங் மேசை மாதிரி தட்டை. சர்வேயர் உயரமாத் தெரியும், ஆனா உச்சியில சோலார் தட்டும் ஆண்டெனாவும்தான். உங்க கப்பல் உச்சியில மூணு பேர் உட்கார்ற கனமான கூண்டு.

ஜெலுத்தோங்: மாமாக் கடை ஸ்டூலுக்கு நாலு கால், லொங்கு லொங்குன்னு ஆடுதே?

அதுக்கு அட்டையை மடிச்சுச் சொருகுறோம்ல. அதே மாதிரி அப்போலோ நிலாக் கலத்தோட நாலு காலுக்குள்ளயும் அலுமினியத் தேன்கூடு வெச்சிருந்தாங்க, இறங்கும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கும். ஒரு தடவைதான் நசுங்கும். அப்போலோ 15 பள்ளத்து விளிம்புல சுமார் 11 டிகிரி சாஞ்சு நின்னுச்சு, கவிழலை. நாற்காலி!

கெப்போங்: கேம்ல மின்மஸ்ங்கிற குட்டி நிலாவுல தொட்டதும் கப்பல் துள்ளுது.

அங்க ஈர்ப்பு, கேமோட பூமியான கெர்பின்ல இருக்கிறதுல இருபதுல ஒரு பங்கு. செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்ட் ட்வீக்கபிள்ஸைத் திறந்து காலோட ஸ்பிரிங்கைக் குறைங்க, துள்ளலை அடக்குற டேம்பரைக் கூட்டுங்க. வினாடிக்கு 1 மீட்டருக்குள்ள தொடுங்க.

அம்பாங்: கால் விரியலை சார்.

மேல இருக்கு. ஜி.

பிறை: இறங்குற நேரத்துல கப்பல் தலைகீழாத் திரும்பிடுச்சு!

கப்பலைத் திசை மாறாமப் பிடிக்கிற சாஸை ரெட்ரோகிரேட்லயே விட்டிருப்பீங்க, அதாவது போற திசைக்கு நேர் எதிரா மூக்கை வைக்கிற குறியில. துளி மேல ஏறினாலும் அந்தக் குறி கீழ போயிடும், மூக்கும் பின்னாடியே போகும். கடைசி சில மீட்டருக்கு, மூக்கை இருக்கிற திசையிலேயே பிடிக்கிற ஸ்டெபிலிட்டிக்கு மாத்துங்க. இறங்குமுன்னே எஃப்5 அழுத்தி சேவ் பண்ணிக்கோங்க. பக்கவாட்டு வேகம்!

செந்தூல்: அண்ணே, நின்னுடுச்சு! நாலே கால். ஆனா திரும்பி வர எண்ணெய் இல்லை.

அடுத்த வாரம்.