1940-கள் மாடல் பழைய மிலிட்டரி ஸ்டைல் கம்பளி ஸ்வெட்டரை கையாலயே பின்ன முடியுமா? எத்தனை நாளாகும்? திருப்பூர் பக்கத்துல இருந்துட்டு இதுக்குப் போய் மெனக்கெடணுமா?

முடியுங்க. நான் ஒன்னு பின்னி முடிச்சிருக்கேன், அதையே ரெண்டு தடவ பின்னியிருக்கேன், அதனாலதான் இந்தக் கேள்வியத் தாண்டிப் போக மனசு வரல. கடைசில "திருப்பூர் பக்கத்துல இருந்துட்டு"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அது எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு. பதினாலு வருசம் பனியன் கம்பெனில பவர் டேபிள்ல ஒக்காந்தவ நான். ரிப் மெஷின் துணிய குழாய் மாதிரி ஓட்டிக் குடுக்கும், அத வெட்டி ஓவர்லாக் அடிச்சாத்தான் அங்கராக்கு ஆகும், ஓவர்லாக் இல்லீன்னா வெட்டுன எடத்துல பிரிஞ்சு வந்துரும். கைல பின்னறதுல கத்திரிக்கே வேலை இல்ல. அக்குள் கிட்ட கண்ணிய, அதான் ஊசில நிக்கற நூல் வளையத்த, கொறைச்சு, கைக்கு கண்ணிய ஏத்தி, ஆளோட ஒடம்புக்கு ஏத்த மாதிரியே துணி வளரும். ரெண்டும் வேற வேற வேலைங்க, மெஷின மட்டமா சொல்லல, அதுல சோறு தின்னவதான் நான்.

நீங்க சின்ன வயசுக்காரரா இருப்பீங்க, ஏதோ போர்ப் படத்துல பாத்து ஆசப்பட்டிருப்பீங்கன்னு நெனைக்கறேன். தப்பில்ல. ஆனா 1940-கள் மாடல்னு எழுதியிருக்கீங்க, தோள்லயும் முழங்கைலயும் துணி வெச்சுத் தெச்சது ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சு பல வருசம் கழிச்சு நெலைச்சது. உங்களுக்கு எது வேணும்னு மொதல்ல முடிவு பண்ணிக்கோங்க.

எங்க கத என்னன்னா, எங்க மாமனார் மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல 24 வருசம் இருந்தவரு. அவரோட ஜெர்சி, அந்தப் பாசிப்பச்சை ஸ்வெட்டர், அட்டாலில கருப்பு ட்ரங்குப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. 2022 ஐப்பசில எடுத்துப் பாத்தா பூச்சி அரிச்சு சல்லடையா இருக்குது. டிசம்பர்ல குன்னூர் பக்கம் வெலிங்டன்ல ரெஜிமெண்ட்டோட பழைய ஆளுக எல்லாம் கூடறாங்க, அத போட்டுட்டுப் போகணும்னு அவருக்கு. ஒன்னும் பேசல, மடிச்சு மடில வெச்சுட்டு ஆசாரத்துலயே பொழுதுக்கும் ஒக்காந்திருந்தாரு. நான்தான் "உடுங்க மாமா, நான் பின்னித் தர்றேனுங்க"ன்னேன். மாமனாருக்கு மருமக ஏன் பின்னணும், இது அடிமைத்தனம்னு யாராச்சும் எழுதுவீங்க, எழுதிக்கோங்க, எனக்குப் புடிச்சுத்தான் பண்ணேன்.

பின்னல் எனக்கு எங்க அத்தை, அதான் மாமியார், சொல்லிக் குடுத்தது. அத்தை அம்பாலா மிலிட்டரி குவாட்டர்ஸ்ல இருந்தப்போ பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாக்ககிட்ட கத்துக்கிட்டாங்க, அதனால எங்க வீட்டுல பின்னல் பேச்சே இந்திலதான், நேர்க்கண்ணி சீதா, எதிர்க்கண்ணி உல்டா. ரெண்டு சீதா ரெண்டு உல்டான்னு மாத்தி மாத்திப் போட்டா அதுதான் மிலிட்டரி ரிப், இழுத்தா விரியும், உட்டா ஒட்டிக்கும். பட்டாளத்துக்கும் பின்னூசிக்கும் என்னக்கா சம்பந்தம்னு எங்க தம்பி கேட்டான். மார்கழில நாம போடற மங்கி குல்லாவுக்கு பாலக்ளாவான்னு பேரு வந்ததே 1854-ல கிரீமியப் போர் நடந்த ஊர வெச்சுத்தான், கார்டிகன்ங்கறதும் அதே போர்ல இருந்த ஒரு பிரபுவோட பேருதான். ரெண்டு உலகப் போர்லயும் இங்கிலாந்துல வீட்டுக்கு வீடு ஒக்காந்து சிப்பாய்களுக்கு சாக்ஸும் ஸ்வெட்டரும் பின்னி அனுப்பியிருக்காங்க.

இப்ப நான் செஞ்ச தப்பு. கோயமுத்தூர்ல ஒரு கடைல, பேரு வேண்டாம், பாசிப்பச்சைல நூலு கெடச்சுது, சுத்தமான கம்பளின்னு சொன்னாங்க, நம்பி வாங்கிட்டேன். பத்தொம்பது நாள் பின்னி முதுகுப் பக்கம் முடிஞ்சு முன்பக்கம் பாதி ஏறியாச்சு. அத்தைக்கு வெரல் முட்டி எல்லாம் வீங்கிப் போயி ஊசி புடிக்க முடியாது, ஆனா தொட்டாத் தெரியும். ரெண்டு வெரல்ல தேச்சுப் பாத்துட்டு "அம்மிணி, இது கம்பளி இல்ல கண்ணு"ன்னாங்க. வெளக்குல ஒரு துண்டு நூலக் காட்டுனாங்க. உருகி சொட்டி, ஆறுனப்பொறவு நுனில கருப்பா கடுகு மாதிரி கெட்டியா நின்னுச்சு, நகத்தால நசுக்குனா நசுங்கல. அப்பறம் பழைய ஜெர்சில ஒரு இழை உருவிக் காட்டுனாங்க, முடி கருகற அதே நாத்தம், வெளக்க உட்டு எடுத்ததும் தானா அணைஞ்சுது, சாம்பல் வெரல்ல பொடிஞ்சு போச்சு. நீங்க எந்தக் கடைல வாங்குனாலும் ஒரு வெரக்கடை நூல எரிச்சுப் பாத்துட்டு ஊசியத் தொடுங்க. ஆக்ரிலிக், அதான் அந்த உருகுன செயற்கை நூலு, போடறவங்களக் கொறை சொல்லல, கொழந்தைகளுக்குத் தொவைக்க அது சுளுவு. ஆனா கம்பளி தன் எடைல மூணுல ஒரு பங்கு ஈரத்த இழுத்துக்கிட்டாலும் மேல நனைஞ்ச மாதிரியே தெரியாது, குன்னூர் மஞ்சுல நிக்கற எழுவத்தஞ்சு வயசு மனுசனுக்கு எது வேணும்னு நீங்களே யோசிங்க.

அவ்வளவையும் பிரிச்சேன். நல்ல நூலு மூணு மடங்கு வெலைல லூதியானால இருந்து வரவெச்சோம். எம் பி.எஃப். பணம் கைக்கு வந்திருந்தா மொதல்லயே நல்லதா வாங்கியிருப்பேன். நான் வேலை செஞ்ச கம்பெனில எம் பேருக்கு முன்னால அப்பா இனிஷியலப் போட்டுட்டாங்க, ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல், இந்த ஒத்த எழுத்துக்கு மூணு வருசமா நடக்கறேன், ஒரு கையெழுத்துப் போட அந்த ஆபீஸ்ல யாருக்கும் நேரமில்ல. எங்கூட வேலை செஞ்ச எத்தனையோ பொம்பளைங்களுக்கு இதே கதிதான். கேட்டதுக்கு சம்பந்தமில்லதான், ஆனா எழுதாம இருக்க முடியலீங்க.

அளவு சொல்றேன். 4 பிளை நூல், 50 கிராம் பந்து பதினஞ்சு. கீழ்ப்பட்டிக்கு 12 நம்பர் ஊசி, ஒடம்புக்கு 10 நம்பர், நம்பர் கூடுனா ஊசி மெலிசுங்க. மாமாவுக்கு 40 இஞ்ச் மார்பு, முதுகுக்கு 146 கண்ணி போட்டேன், நாலால வகுத்தா ரெண்டு மிச்சம் வரணும், அப்பத்தான் ரெண்டு ஓரமும் சீதால முடியும். மொதல்ல ஒரு சாண் சதுரம் பின்னி, அலசி, காய வெச்சு அளந்துக்கோங்க, என் கை இறுக்கம், உங்க கை எப்படியோ. மொத்தத்துல லட்சத்துக்குப் பக்கமா கண்ணி வரும். நிமிசத்துக்கு இருவது கண்ணி, தெனம் ரெண்டு மணி நேரம்னு வெச்சா நாப்பது நாளுக்கு மேல. எனக்கு நாள் கம்மியாப் போச்சு, அதனால ரவைக்கு பன்னெண்டு வரைக்கும் ஒக்காந்தேன்.

முழங்கைத் துணிதான் நெம்ப படுத்துச்சு. காக்கி டிரில் துணிய ஊற வெச்சு, சுருங்க உட்டு, பொறவு வெட்டுனேன், அது வரைக்கும் சரி. ஆனா கைய டேபிள் மேல படுக்க வெச்சுத் தெச்சுட்டேன். ரிப் விரியும், டிரில் விரியாதுல்ல, மாமா கைய மடக்குனதும் துணியச் சுத்தி இழுத்து சுருக்கம் சுருக்கமா நின்னுச்சு. பிரிச்சுட்டு, அவரப் போட வெச்சு, காப்பி டம்ளர் புடிக்கற மாதிரி கைய மடக்கச் சொல்லி, விரிஞ்சு நிக்கறப்பவே சுத்தியும் சாக்பீஸ்ல கோடு போட்டுக்கிட்டேன். அந்தக் கோட்டு மேலயே கைத்தையல்ல, ஊசிய ஒரு எட்டு பின்னால குத்தி ரெண்டு எட்டு முன்னால எடுத்து தெச்சேன். மெஷின்ல நேர்த்தையல் போட்டா இழுக்கறப்போ நூல் அறுந்துரும்.

கெளம்பறதுக்கு மொத நாள் சாயங்காலம் முடிஞ்சுது. போட்டுட்டுக் கண்ணாடி முன்னால நிக்கல, பொடக்காளில எருமைத் தண்ணித் தொட்டி ஓரமா போயி நிமுந்து நின்னாரு. அத்தை வந்து தோள்ப் பட்டைய மட்டும் நேரா இழுத்து உட்டாங்க. "இந்தக் கழுத்து பழசுல இவ்வளவு இறுக்கம் இல்ல அம்மிணி"ன்னாரு. உண்மதான், கழுத்துப் பட்டிய கடைசி வரிசைல நான் இறுக்கி மூடிட்டேன், ராத்திரியே பிரிச்சு ஒரு சைஸ் தடிமனான ஊசில தளர மூடிக் குடுத்தேன். நீங்களும் கழுத்த மூடறப்போ தடிமனான ஊசிக்கு மாறிக்கோங்க.