ஈரக் காற்றில் ஹேர் ஜெல் ஏன் தளர்கிறது?

கேள்வி: காலையில் ஜெல் தடவி வாரினால் முடி நன்றாக விறைத்து நிற்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களிலோ சிறிது நேரத்திலேயே படிந்துபோய், தொட்டால் பிசுபிசுக்கிறது. சீப்புப் போட்டால் பொடுகு போன்ற வெள்ளைத் துகள்களும் உதிர்கின்றன. ‘எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்’ என்று எழுதிய, விலை கூடிய ஜெல் வாங்கினால் இது தீருமா?

பதில்: அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது ஒரு நிறுவனம் தன் தயாரிப்புகளைத் தனக்குள் தரம் பிரித்துக்கொள்ளும் அடைமொழி. இரண்டு நிறுவனங்களின் ‘ஸ்ட்ராங்’ ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைத்தான்.

முடியின் கெரட்டின் புரத இழைகளைக் கட்டிவைக்கும் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு நீர் பட்டால் அறுந்து, உலரும்போது அப்போதைய வடிவத்திலேயே மீண்டும் உருவாகும். ஈரமாக வாரிய முடி உலர்ந்த பிறகும் சற்று நேரம் அப்படியே நிற்பதும், ஈரக் காற்று பட்டதும் கலைவதும் இதனால்தான். கந்தக அணுக்களை இணைக்கும் டைசல்பைடு பிணைப்பு மிக வலுவானது. அதை உடைத்து மாற்றுவது சுருள் வைக்கும் பெர்ம் ரசாயனம், ஜெல் அதன் பக்கமே போவதில்லை. ஜெல்லில் கரைந்துள்ள பாலிமர் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்த நீண்ட மூலக்கூறு), நீர் ஆவியானதும் முடிகளின் மேல் மெல்லிய படலமாக இறுகி, அவை ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒட்டவைக்கிறது.

உங்கள் சிக்கல் அந்தப் பாலிமரில் இருக்கலாம். பல ஜெல்களில் சேரும் பிவிபி எனும் பாலிவினைல் பைரோலிடோன் காற்றின் ஈரத்தைத் தானே உறிஞ்சக்கூடியது. உறிஞ்சிய நீர் படலத்தை இளக்குவதால் விறைப்பு போய்ப் பிசுபிசுப்பு வருகிறது. அதையே கூடுதலாகச் சேர்த்து ‘எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்’ ஆக்கியிருந்தால் ஈர நாட்களில் பெரிய மாற்றம் இராது. பட்டியலில் ‘விபி/விஏ கோபாலிமர்’ (VP/VA Copolymer, வினைல் பைரோலிடோனும் வினைல் அசிடேட்டும் சேர்ந்த பாலிமர்) என்றிருப்பதைத் தேடுங்கள். அதிலுள்ள வினைல் அசிடேட் பகுதி நீரை அவ்வளவாக நாடாது. கிளிசரினும் ஈரத்தை இழுப்பதால், அது பட்டியலின் முன்வரிசையில் இருந்தால் தவிர்க்கலாம். (‘கெரட்டின் சேர்த்தது’ என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், பிடிப்பைத் தருவது பாலிமர்.)

துகள்களுக்கு இரண்டு காரணங்கள் உண்டு. உலர்ந்து இறுகிய படலம் சீப்புப் பட்டால் நொறுங்கும். ஆகவே உலர்ந்த பின் வாராதீர்கள். மற்றது, கழுவாமல் விடும் கண்டிஷனரின் மேல் ஜெல் தடவுவது. கண்டிஷனரின் நேர்மின்னூட்டப் பொருள்கள், ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமரின் எதிர்மின்னூட்டத்தோடு சேர்ந்து திரிந்துவிடக்கூடும். இரண்டையும் உள்ளங்கையில் சிறிதளவு எடுத்துக் குழைத்துப் பாருங்கள். வழவழப்பாகக் கலக்காமல் வெள்ளையாகத் திரிதிரியாகப் பிரிந்தால், தலையிலும் அதுவே நடக்கும்.

இவ்வளவு செய்தும் சரிவராவிட்டால், மெழுகு வகைக்கு மாறலாம். அதிலுள்ள தேன்மெழுகும் பெட்ரோலாட்டமும் (பெட்ரோலியம் ஜெல்லி) இறுகிப் படலமாவதில்லை, ஈரத்தையும் உறிஞ்சுவதில்லை. எனவே உதிராது, கலைந்தாலும் கையாலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் விறைப்பு குறைவாக இருக்கும். வெறும் தண்ணீரில் போகாது, ஷாம்பு போட்டு நன்றாகத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.