கோபமும் கவலையும் உடம்பில் நோயைக் கொண்டுவருமா?

கேள்வியில் இரண்டு சந்தேகம் இருக்கிறது. கோபக்காரருக்கு மாரடைப்பு வருமா? மனதுக்குள் போட்டுப் புழுங்குகிறவருக்குப் புற்றுநோய் வருமா? நான் டாக்டர் இல்லை, சேலம் அம்மாபேட்டைக்காரன். இரண்டாவதில் எனக்கு ஒரு பழைய கோபம் பாக்கி இருக்கிறது, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம். பார்க்க வந்த சொந்தங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு தீர்ப்பையும் கொண்டுவந்தார்கள். "ஒரு நாளாச்சும் வாயைத் திறந்து சண்டை போட்டிருந்தா இது வந்திருக்காது. எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கிட்டா, பாவம்." அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி என்னிடம், "நானாத்தான் வரவழைச்சுக்கிட்டேனாப்பா?" என்றார்.

இந்தப் பேச்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. லண்டனில் இருந்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க், உணர்ச்சியை அடக்குகிற குணம் புற்றுநோயில் கொண்டுபோய் விடும் என்று கூட்டாளியோடு சேர்ந்து கட்டுரை மேல் கட்டுரை எழுதினார். புகையிலை நிறுவனங்களின் பணம் அவருக்கு வந்திருந்தது. பழி சிகரெட்டை விட்டுக் குணத்தின் மேல் போனால் யாருக்கு லாபம்? 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி விசாரித்து, அவருடைய 26 கட்டுரைகளை நம்பத்தகாதவை என்றது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ஏறக்குறைய 60,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2010இல் வெளியான ஆய்விலும், சுபாவத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகும் அம்மா நான்கு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கட்டி வந்ததில் அவர் குணத்துக்குப் பங்கில்லை. நாள் கடந்ததில் நிச்சயமாக இருந்தது.

சரி, மாரடைப்புக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் மண்டி வைத்திருந்த என் பெரியப்பா கத்தினால் தெருமுனை வரை கேட்கும். "இந்த ஆளுக்கு ஹார்ட் அட்டாக்தான்" என்று ஊரே சொல்லும். இதுவும் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 1950களில் சான் பிரான்சிஸ்கோ இதய மருத்துவர்கள் ஃப்ரீட்மனும் ரோசன்மனும், எப்போதும் அவசரமும் போட்டியுமாக இருப்பவர்களை 'ஏ வகை' என்றார்கள். 3,154 ஆண்களை எட்டரை வருடம் கவனித்ததில் 'ஏ வகை' ஆட்களுக்கு மற்றவர்களைவிட இதயநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்திருந்தது. ஆனால் 1988இல் அதே ஆட்களில் இதயநோய் வந்தவர்களைத் திரும்பப் பார்த்தால், 'ஏ வகை'க்காரர்கள்தான் அதிகம் பிழைத்திருந்தார்கள்! அப்புறம் அவசரத்தை விட்டுவிட்டு, பிறர் மேல் உள்ள பகைமையில்தான் விஷயம் இருக்கிறது என்று ஆராய ஆரம்பித்தார்கள். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு புகை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளிட்ட ஒன்பது காரணங்களைச் சொன்னது. மன அழுத்தமும் மனச்சோர்வும் அதில் ஒன்று. ஆக மனசுக்கும் பங்கு உண்டு, முழுப் பொறுப்பு இல்லை.

பெரியப்பா கத்திக்கொண்டே எழுபதைத் தாண்டினார். காரணம் பெரியம்மா: பிரஷர் மாத்திரையும் தண்ணீருமாகக் காலையில் எதிரே வந்து நிற்பார். அவர் போன பிறகு பெரியப்பா கத்துவதையும் விட்டார், மாத்திரையையும் விட்டார். ஆறே மாதத்தில் ஆஸ்பத்திரி. ஊர் இன்றைக்கும் கோபத்தைத்தான் காரணம் சொல்கிறது.

உடம்புக்குள்ளே நேராக மனசு கை வைப்பதும் உண்டு. 1995இல் ஒஹாயோவில், மறதிநோய் வந்த சொந்தக்காரரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையில் சின்னக் காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு ஆற ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. இதைப் படித்ததும் எனக்கு அக்காவின் கைதான் ஞாபகம் வந்தது. அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தபோது தோசைக்கல் சுட்ட புண் ஒன்றரை மாதம் ஆறவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. ஒரு புண்ணை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் அம்மாவின் குணத்தை அலசிய அத்தனை பேரில் ஒருவர்கூட அக்காவிடம் "தூங்கினியா?" என்று கேட்கவில்லை. நானும்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை நான் அம்மாவோடு இருந்துகொண்டு, அக்காவையும் மாமாவையும் ஏற்காட்டுக்கு அனுப்பினேன். ஏரியைக்கூடப் பார்க்கவில்லையாம். ரூமுக்குப் போனதும் படுத்தவள், மறுநாள் பத்து மணிக்குத்தான் எழுந்தாளாம்.