யானைமலை பேசத் தொடங்கிய பிறகு காலாண்டுத் தேர்வு என்னவாகும்?

கேள்வி: மதுரை ஒத்தக்கடை அருகே நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பத்து முதல் பதின்மூன்று வயதினருக்காக ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதி வருகிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் யானைமலை பேசத் தொடங்குகிறது. ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் ஆரம்பிக்கும் கதை மறு ஏப்ரலில் முடிகிறது. ஆனால் ஆறாம் அத்தியாயத்துக்குப் பிறகு பள்ளிக்கூடமே காணாமல் போய்விட்டது. படித்துப் பார்த்த மாணவிகள், "அவ காலாண்டுப் பரீட்சை எழுதினாளா இல்லையா, மிஸ்?" என்று கேட்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் மாணவிகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். பள்ளி ஆண்டைக் களமாகக் கொண்ட கதையில், பள்ளி மாயத்துக்குக் குறுக்கே நிற்க வேண்டும்; மாயமும் பள்ளி வாழ்க்கையிலிருந்து எதையேனும் பறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓடினால், வலுவுள்ள மாயம் கதையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இவ்வகையில் நன்கு அறியப்பட்ட ஆங்கிலக் கதைகள் பலவும் விடுதிப் பள்ளிகளில் நடப்பவை. 1997-இல் வெளிவரத் தொடங்கிய ஹாரி பாட்டர் வரிசையின் முதல் ஆறு நூல்களும் ஆளுக்கொரு கல்வியாண்டைத் தழுவி நகர்கின்றன. அங்கே பிள்ளைகள் இரவிலும் பள்ளியிலேயே தங்குவதால், நள்ளிரவில் எங்கே போனாய் என்று கேட்கப் பெற்றோர் அருகில் இல்லை. உங்கள் நாயகியோ மாலையில் வீடு திரும்பி, குடத்தில் தண்ணீர் பிடித்து, தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அம்மாவின் அருகில் படுத்துத் தூங்குகிறவள். பள்ளிக்கு நடந்து செல்லும் இருபது நிமிடமும் மதிய உணவு இடைவேளையும் விளையாட்டுப் பிரிவேளையும்தான் அவளுக்குச் சொந்தமான நேரம். மலை பேசுவதை அந்த நேரத்துக்குள் அடக்குங்கள். கதையின் பதற்றம் அங்கிருந்தே பிறக்கும். அடிவாரத்தில் ஒரு நாள் தாமதமாகிவிட்டால் வருகைப் பதிவேட்டில் என்ன விழுகிறது, விடுப்பு விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்துக்கு அவள் என்ன செய்கிறாள், வகுப்பாசிரியை எத்தனையாவது நாளில் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கிறார் என்பனவெல்லாம் மற்ற எழுத்தாளர்களை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாள்களை வகுத்திருக்கிறது. அவற்றுள் எத்தனை நாளை அவள் மலைக்குக் கொடுத்தாள் என்ற கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும்.

அதற்குக் கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முடிவுசெய்து, ஜூன் முதல் ஏப்ரல் வரை மாதத்துக்கு ஒரு தாளாகப் பதினொரு தாள்கள் எடுத்து, தேர்வுகளை ஒருபுறமும் ஊர்த் திருவிழாக்களை மறுபுறமும் குறியுங்கள். திருவிழாக்கள் திதியையும் நட்சத்திரத்தையும் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் நாள் மாறும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கியது 2024-இல் ஏப்ரல் 23. 2025-இல் மே 12. நாவலின் உச்சத்தை அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக் கூட்டத்தில் வைக்க விரும்பினால், முதல் ஆண்டில் அது கல்வியாண்டின் இறுதியோடு ஒட்டி வரும். இரண்டாவதில் கோடை விடுமுறைக்குள் தள்ளிப்போய், தோழிகள் எல்லாம் பாட்டி ஊர்களுக்குக் கலைந்த பிறகு வரும். மதுரைப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிப்பார்கள்.

ஆவணியில் வரும் பிட்டுத் திருவிழா, காலாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் நாள்களை ஒட்டி அமைவதால் உங்கள் கதைக்கு மிகவும் பொருந்தும். வந்தி என்ற மூதாட்டியின் பிட்டைக் கூலியாகப் பெற்று மண் சுமக்க வந்த இறைவன் மீது பாண்டியன் வீசிய பிரம்படி எல்லா உயிர்களின் மீதும் பட்டது என்கிறது திருவிளையாடல். இதையே மாயத்தின் விதியாக்கிப் பாருங்கள்: வகுப்பில் ஒருத்தி பட்ட அவமானம் நாற்பது பேருக்கும் முதுகில் சுளீரென்று உறைக்கிறது. அப்போது மாயம் வகுப்பறையை விட்டு வெளியேற வழியே இராது. 64 திருவிளையாடல்களையும் சேர்த்துவிடும் ஆசை எழும். ஒன்றிரண்டோடு நிறுத்துவது நல்லது.

யானைமலையைப் பற்றி ஒரு வேண்டுகோள். மதுரையை அழிக்கச் சமணர் ஏவிய யானை, இறைவனின் அம்பு பட்டுக் கல்லானது என்பது புராணம். அதே மலையில்தான் சமண முனிவர்களின் குகைத்தளமும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் உள்ளன. அடிவாரத்தில் பாண்டியர் காலத்து நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலும் இருக்கிறது. இத்தனை பேருக்கு இடம்கொடுத்த மலை ஒரு சமயத்தாரைப் பொல்லாதவர்களாகக் காட்டிப் பேசினால் என் மனம் ஒப்பாது. பிறர் தன்னைப் பற்றிச் சொன்ன கதையை யானையே மறுத்துப் பேசட்டும். ஏழாம் வகுப்பில் வரலாறு படிக்கும் சிறுமிக்கு, பாடநூலில் இருப்பதும் மலை சொல்வதும் வேறுபடும் இடம் சிந்திக்கத்தக்க இடமாகவும் அமையும்.

நீளம் முப்பதாயிரம் சொற்களுக்குள் இருந்தால் இந்த வயதினர் சோர்வின்றிப் படிப்பார்கள். உரையாடல் ஒத்தக்கடைப் பேச்சாகவே இருக்கலாம். விவரிப்பு எளிய எழுத்துநடையில் அமையட்டும்.

ஆறு அத்தியாயங்களையும் இப்போது கலைக்க வேண்டாம். ஏழாவதைத் தேர்வறையில் தொடங்குங்கள்: கணக்குத் தேர்வு, வினாத்தாள் கைக்கு வந்துவிட்டது, சன்னலுக்கு வெளியே மலை அவள் பெயரைச் சொல்லி அழைக்கிறது, எழுந்து செல்ல மிஸ் அனுமதிக்க மாட்டார். அவள் என்ன செய்கிறாள் என்று எழுதி, கேள்வி கேட்ட அதே மாணவிகளிடம் படிக்கக் கொடுங்கள்.