கடலில் சிக்னல் அளக்கிற படிப்பு

பாம்பனிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு,

மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்டு வந்தீர்கள். கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் அன்று உங்களை அனுப்பினேன். யோசித்தால் ஒன்று இருக்கிறது: உங்கள் அண்ணன் பிடிவாதமாகச் சொல்கிற செயற்கை நுண்ணறிவுப் படிப்பு. விசைப்படகை ஈடு வைத்து மேனேஜ்மென்ட் சீட்டு வாங்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கும், வட்டி நிற்காது.

உங்கள் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தீர்களா? குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகில் போனபோது, எந்த இடத்தில் சிக்னல் எத்தனை கோடு காட்டியது என்று குறித்திருக்கிறாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இதையே சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் உண்டு.

தரையில் காரில் சுற்றி நெட்வொர்க்கை அளப்பதை டிரைவ் டெஸ்ட் என்பார்கள். பயணிகள் கப்பலில் அதே வேலை இன்னும் சிக்கலானது. கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், கடல் மேல் பட்டுத் தெறித்து வரும் அலையும் சில தூரங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். கரை கண்ணுக்குத் தெரியும், இணையம் இருக்காது. அதனால் இரண்டு ஆன்டெனாக்களை வெவ்வேறு உயரத்தில் கட்டிப் பார்ப்பார்கள். பத்து மீட்டர் உயர ஆன்டெனாவுக்குக் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான் எட்டும். மீதியைக் கரைக் கோபுரத்தின் உயரம் ஈடுகட்ட வேண்டும். இரும்புச் சுவர் சிக்னலை உள்ளே விடாது என்பதால் மேல்தளத்தில் வாங்கி, உள்ளே வைஃபையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். காலிக் கப்பலில் நன்றாக ஓடியது கூட்டம் ஏறியதும் தடுமாறும். மனித உடம்பே அலையை உறிஞ்சும். ஆகவே ஆள் இல்லாமல் ஒருமுறை, ஆள் நிறைந்து ஒருமுறை, நொடிக்கு நொடி வேகத்தையும் தாமதத்தையும் இடத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும். தனுஷ்கோடியில் கைப்பேசி இலங்கைக் கோபுரத்துக்குத் தாவுவது உங்களுக்கே தெரியும். அந்தத் தாவலும் சோதனைக்கு உரியதுதான். (கடல் மயக்கம் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வரப்போவதில்லை, பாதித் தகுதி அங்கேயே முடிந்தது.)

இராமேஸ்வரத்திலேயே இந்த வேலை காத்திருக்கிறது என்று பொய் சொல்லமாட்டேன். இங்கிருந்து இலங்கைத் தலைமன்னாருக்குப் போன கப்பல் நின்று பல காலமாகிறது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் 2023இல்தான் தொடங்கியது. தொலைத்தொடர்புத் துறையில் வெளியூருக்குத்தான் போகவேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கு நான் சொல்லும் படிப்பு, அரசு பாலிடெக்னிக்கில் மின்னணு, தொடர்பியல் டிப்ளமா. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் படித்ததால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிறகு விருப்பமிருந்தால் பொறியியலிலும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். கட்டணத்துக்குப் படகை விற்கவேண்டியதில்லை.

“பொம்பளைப் பிள்ளை கப்பலில் போவதா?” என்கிறாராம் அண்ணன். போகப்போவது அவரல்ல. அடுத்த முறை அவரையும் அழைத்து வாருங்கள்; நான்கு வருடச் செலவையும் வட்டியையும் அவர் கையாலேயே எழுதச் சொல்கிறேன். அந்த நோட்டுப் புத்தகமும் வரட்டும்.