வாசகர் கேள்விகள்: ரயில் நிலைய வைஃபையும் லேப்டாப்பும்

கேள்வி: ரயில் நிலைய வைஃபையில் லேப்டாப்பை இணைத்தால் ‘கனெக்டட்’ என்று காட்டுகிறது. ஆனால் ஓடிபி கேட்கும் பக்கம் வருவதே இல்லை. போனில் மட்டும் வருகிறது, ஏன்?
– வாசகர், விழுப்புரம்

ரயில்டெல் நிறுவனம் ‘ரயில்வயர்’ என்ற பெயரில் தரும் சேவை அது. நீங்கள் திறக்கும் முதல் இணையப் பக்கத்தை இடைமறித்து, அந்த இடத்தில் தன் லாகின் பக்கத்தைக் காட்டும். இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ் பூட்டோடு (இடையில் யாரும் படிக்க முடியாதபடி தகவலை மறைத்து அனுப்பும் முறை) வருகின்றன. பூட்டிய பக்கத்தை அப்படித் திருப்பிவிட முடியாது என்பதால் பிரவுசர் பிழைச் செய்தி காட்டிவிட்டு நின்றுவிடும். அட்ரஸ் பாரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். இது பூட்டே இல்லாத தளம், இதற்காகவே வைத்திருக்கிறார்கள். லாகின் பக்கம் வந்துவிடும்.

அப்படியும் வராவிட்டால், ஆபீஸ் லேப்டாப்பில் தானாக ஓடும் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருள்) காரணமாக இருக்கலாம். அதை நிறுத்தி, லாகின் முடித்த பிறகு மறுபடி போடுங்கள். இல்லையென்றால் யாராவது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை 8.8.8.8, 1.1.1.1 என்று கையால் மாற்றியிருப்பார்கள். அதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். ஓடிபி எஸ்எம்எஸ்ஸாகத்தான் வரும், போனில் சிக்னல் இருக்க வேண்டும்.

கேள்வி: இலவச நேரத்தில் ஆபீஸ் வேலை எதுவும் முடிக்க முடிவதில்லையே?
– வாசகர், ஈரோடு

ஒரு நாளைக்கு முதல் 30 நிமிடம், 1 எம்பிபிஎஸ் வேகம் என்பதுதான் இலவசத் திட்டம். எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட்; 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி (மெகாபைட்). கணக்குப் போட்டால் 1,800 விநாடியில் அதிகபட்சம் 225 எம்பி. மெயில், வேர்டு ஃபைல், டிக்கெட் பிடிஎஃப் ஆகியவற்றுக்கு இது தாராளம். வீடியோ மீட்டிங்குக்குப் போதாது.

பெரும்பாலும் அந்த 225 எம்பியையும் நீங்கள் செலவழிப்பதில்லை. பின்னணியில் ஓடும் விண்டோஸ் அப்டேட்டும் ஒன்டிரைவும் தின்றுவிடுகின்றன. வைஃபை இணைந்ததும், ஓடிபி போடுவதற்கு முன்பே, செட்டிங்ஸ் போய் அந்த வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஸ்விட்சை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களை ஒத்திவைக்கும், ஒன்டிரைவும் நின்றுகொள்ளும். கூகுள் டிரைவ் போட்டிருந்தால் அதைக் கையால் ‘பாஸ்’ செய்ய வேண்டும்.

கேள்வி: பொது வைஃபையில் பேங்க் கணக்கைத் திறக்கலாமா?
– வாசகர், தென்காசி

எச்டிடிபிஎஸ் இருக்கும்வரை, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது வைஃபை நடத்துபவருக்குத் தெரியலாம், பாஸ்வேர்டு தெரியாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அதே பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு ஹாட்ஸ்பாட் போட்டு உட்காரலாம். பெயரை வைத்து அசலா போலியா என்று லேப்டாப்பால் கண்டுபிடிக்க முடியாது.

லாகின் முடிந்த பிறகு, பேங்க் தளத்தில் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்ற எச்சரிக்கை வந்தால், ‘அட்வான்ஸ்டு’ அழுத்தி உள்ளே போகவே போகாதீர்கள். லேப்டாப்பில் தேதி தப்பாக இருந்தாலும் அந்த எச்சரிக்கை வரும், அதை ஒருமுறை பாருங்கள். தேதி சரியாக இருந்தால் உடனே வைஃபையைத் துண்டியுங்கள். இலவச லாகினுக்கு மொபைல் நம்பரும் ஓடிபியும் போதும். மெயில் பாஸ்வேர்டோ கார்டு நம்பரோ கேட்கும் பக்கம் போலி. யூபிஐ பின்னை எந்த வெப்சைட்டிலும் போடக் கூடாது.

‘நெட்வொர்க் புரொஃபைல்’ எப்போதும் ‘பப்ளிக்’ ஆகவே இருக்கட்டும். ‘பிரைவேட்’ என்று வைத்தால், பக்கத்து லேப்டாப்களுக்கு உங்கள் லேப்டாப் தென்படும். ஷேர் செய்த ஃபோல்டர் இருந்தால் அதை எட்டிப்பார்க்கவும் வழி கிடைக்கும். கிளம்பும்போது ‘ஃபர்கெட்’ கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே பெயருள்ள போலி ஹாட்ஸ்பாட்டிலும் லேப்டாப் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

பணம் அனுப்பத்தான் வேண்டும் என்றால் உங்கள் போன் டேட்டாவைப் பயன்படுத்துங்கள். அதையும் யூஎஸ்பி கேபிள் வழியே டெதரிங் செய்வது (போனின் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுப்பது) நல்லது. கூட்டமான பிளாட்பாரத்தில் வைஃபை அலைவரிசை நெரிசலில் திணறும், கேபிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. போனும் சார்ஜ் ஏறும்.