அரசவால் ஈப்பிடிப்பான்: வால் நீளாவிட்டாலும் அதேதான்

கேள்வி: காட்டோரத் தோப்பில் நீண்ட வாலுள்ள வெள்ளைப் பறவை ஒன்றும், அதே உருவத்தில் செம்பழுப்புப் பறவை ஒன்றும் தென்பட்டன. குட்டை வாலுடன் மூன்றாவது ஒன்றும் இருந்தது. மூன்றும் வெவ்வேறு இனங்களா?

பதில்: மூன்றுமே அரசவால் ஈப்பிடிப்பான்தான். ஆணில் வெள்ளை, செம்பழுப்பு என இரண்டு நிறங்கள் உண்டு. இலங்கையில் வாழும் துணையினத்தின் ஆண்களோ செம்பழுப்பு மட்டுமே. அங்கே வெள்ளை ஆண் தெரிந்தால் அது இந்தியாவிலிருந்து வலசை வந்தது. வாலின் நடு இறகுகள் இரண்டும் 30 செ.மீ. வரை வளரும், ஆனால் இரண்டாம் அல்லது மூன்றாம் வயதில்தான். அதுவரை இளம் ஆண் பெண்ணைப் போலவே குட்டை வாலுடன் திரியும். தொண்டையைப் பாருங்கள்: இளம் ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்குச் சாம்பல்.

குட்டை வால் பறவையைக் கொண்டையைப் பார்த்துச் சின்னான் (புல்புல்) என்று குறித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். முதுகும் வாலும் ஒரே செம்பழுப்பாக இருந்து, கால் குட்டையாக, உடம்பை நெட்டுக்குத்தாக வைத்து உட்கார்ந்தால் அது சின்னான் அல்ல.

கேள்வி: எப்போது, எங்கே தேடலாம்?

பதில்: தென்னிந்தியாவில் ஆண்டு முழுவதும் தங்குபவையும் உண்டு, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவையும் சேர்ந்துகொள்வதால் அப்போது வாய்ப்பு அதிகம். வெட்டவெளியில் காத்திருப்பது வீண். அடர்ந்த மரங்களுக்கு அடியில், நிழலில்தான் பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். அழகுக்குச் சற்றும் பொருந்தாத கரகரப்பான 'ஸ்க்ரீக்' குரல் கேட்டால் நின்றுவிடுங்கள். மிக நல்ல இடம், நிழலில் தேங்கிய சிறு குட்டை. பிற்பகலில் பக்கத்துக் கிளையிலிருந்து தண்ணீருக்குள் பாய்ந்து, மீண்டும் கிளைக்கே திரும்பிக் குளிக்கும். குட்டையின் விளிம்பில் போய் நின்றால் வராது. தள்ளி, மரத்தை ஒட்டி அசையாமல் உட்காருங்கள்.

கேள்வி: தாழ்ந்த கிளையில் கூடு இருக்கிறது. படம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். குச்சிகளைச் சிலந்தி நூலால் பிணைத்துக் கிண்ணம்போல் கட்டிய அந்தக் கூட்டில் 3 அல்லது 4 முட்டைகள் இருக்கும். ஆணும் முறைபோட்டு அடைகாக்கும். அப்போது வால் கூட்டுக்கு வெளியே தொங்குவதால் எளிதில் கண்ணில் படும். மறைப்பதற்காக விட்டிருக்கும் இலைகளைப் படத்துக்காக விலக்கினால் காகத்துக்கு வழிகாட்டியதுபோல் ஆகிவிடும். கரிச்சான் (இரட்டைவால் குருவி) கூட்டுக்கு அருகில் இது கூடு கட்டுவதுண்டு. எதிரிகளைக் கரிச்சான் விரட்டியடிக்கும் என்பதே காரணம். நீங்கள் நெருங்கினால் கரிச்சான் உங்களையும் விரட்டும். அப்போது உடனே விலகிவிடுங்கள்.